யூனிட்டுக்குப் பத்து ரூபாய்

தில்லியில் வாடகை அறை ஒன்றில் சில காலமாவது குடியிருந்தவர்களுக்கு, மாதத்தின் முதல் வாரத்தில் நடைபெறும் ஒரு சிறு சடங்கை நான் வர்ணித்துக் காட்ட வேண்டியதில்லை. வீட்டுக்காரரோ அவருடைய புத்திரரோ ஒரு கையில் கோடு போட்ட நோட்டுப் புத்தகமும் மற்றொரு கையில் கைபேசியின் வெளிச்சமுமாக மாடிப்படியின் கீழே வந்து நின்று, சுவரில் வரிசையாக அறைந்திருக்கும் நான்கைந்து சப் மீட்டர்களின் எண்களை உரக்கப் படித்து, போன மாதத்து எண்ணைக் கழித்து, மிச்சத்தை ஒன்பதாலோ பத்தாலோ பெருக்கி, இன்னாருக்கு இத்தனை ரூபாய் என்று அறிவித்துவிட்டுப் போய்விடுவார். லக்ஷ்மி நகரிலும் முகர்ஜி நகரிலும் பரீட்சைக்குப் படிக்க வந்திருக்கும் பிள்ளைகள் முதல், முனிர்காவிலும் கரோல் பாகிலும் ஒற்றை அறையில் சம்சாரம் நடத்துகிறவர்கள் வரை, இந்தச் சடங்குக்கு உட்படாதவர்கள் மிகச் சிலரே.

இதைக் குறித்து நம்மிடையே வேரூன்றிவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. "மீட்டர்தான் இருக்கிறதே, ஓடின யூனிட்டுக்குக் காசு; இதில் என்ன தகராறு?" என்பதே அது. வீட்டுக்காரர்களும் தரகர்களும் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. கொடுக்கிறவர்களே, அதிலும் கணக்கு வழக்குத் தெரிந்த உத்தியோகஸ்தர்களே, வாடகையோடு மின்சாரத்தைச் சேர்த்து ஒட்டுமொத்தமாக வாங்கும் பழைய வழக்கத்தைக் காட்டிலும் மீட்டர் வைத்து வாங்குவது எவ்வளவோ நியாயம் என்றும், பத்து ரூபாய் சற்று அதிகமாகத் தோன்றினாலும் குடித்தனக்காரர்களால் வீட்டுக்காரருக்கு 'ஸ்லாப்' என்னும் விலைப்படி ஏறிவிடுவதால் அது பொருந்தக்கூடியதே என்றும் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். இந்த அபிப்பிராயம் தவறானது என்பதையும், அதன் தவறு எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்பதையும் காட்டுவதே என் உத்தேசம்.

மீட்டர் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. அது அளக்கிறது. பால்காரர் கொண்டுவரும் ஆழாக்கு முத்திரை பெற்றதாகவே இருக்கட்டும். நுரை அடங்கும்வரை காத்திருந்து, கோடு தட்டாமல் ஊற்றுகிற தர்மவானாகவே அவரும் இருக்கட்டும். அதனால் அவர் சொல்லும் விலையும் நியாயமானது என்று எந்த இல்லத்தரசியாவது ஒப்புக்கொள்வாளா? அளவு வேறு, விலை வேறு என்பது பால் விஷயத்தில் நம் வீட்டுக் குழந்தைக்கும் தெரிகிறது. மின்சாரத்துக்கு வந்தவுடன், சிவப்பு விளக்கொன்று மினுக்கிக்கொண்டு ஓடும் யந்திரத்தின்மேல் நமக்கு உண்டாகிவிடும் பக்தியினால், அளவின் நேர்மையை விலையின் நேர்மையாக எடுத்துக்கொண்டு விடுகிறோம். சப் மீட்டருக்கு ரூபாய் தெரியாது. ரூபாய் தெரிந்த காகிதம் வேறொன்று இருக்கிறது. அதுதான் மின்சாரக் கம்பெனி வீட்டுக்காரருக்கு மாதந்தோறும் அனுப்பும் பில். நோட்டுப் புத்தகத்தோடு அந்தக் காகிதத்தையும் எடுத்து வருகிற வீட்டுக்காரரை, தில்லியில் நான் குடியிருந்த ஐந்து வீடுகளில் ஒன்றில்கூடக் கண்டதில்லை.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். 2002 ஜூலையில் தில்லி வித்யுத் போர்டு கலைக்கப்பட்டு விநியோகம் தனியார் கைக்கு மாறியதிலிருந்து, நகரின் பெரும்பகுதி பி.எஸ்.இ.எஸ். ராஜதானி, பி.எஸ்.இ.எஸ். யமுனா, டாட்டா பவர் ஆகிய மூன்று கம்பெனிகளிடமே இருந்துவருகிறது. ஆயினும் விலையை நிர்ணயிப்பவர்கள் அவர்கள் அல்லர். தில்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையமே அதைச் செய்கிறது. 2019 ஜூலை இறுதியில் வெளிவந்த ஆணையிலும், 2021 செப்டம்பரில் வெளிவந்த ஆணையிலும் வீட்டு உபயோகத்துக்கு விதிக்கப்பட்ட விகிதம் இதுதான்: மாதத்தில் முதல் 200 யூனிட்டுக்கு மூன்று ரூபாய், அடுத்த 200க்கு நாலரை, அதற்குமேல் 800 வரை ஆறரை, 1200 வரை ஏழு, அதற்கும் மேலே எட்டு. இதனோடு, அனுமதி பெற்ற கிலோவாட்டைப் பொறுத்த நிலையான கட்டணம் உண்டு. அது 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 20 ரூபாய், 5 வரை 50, 15 வரை 100. மின்சாரம் கொள்முதல் செய்யும் விலை ஏறி இறங்குவதை ஈடுகட்டுவதற்கென்று ஒரு சதவீதம் கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே இருக்கும். பழைய பாக்கியை அடைப்பதற்காக 8 சதவீதமும், ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியர்களின் பென்ஷன் நிதிக்கென 2021 ஆணையின்படி 7 சதவீதமும் மேல்வரியாகச் சேரும். கடைசியில் மின்சார வரி 5 சதவீதம்.

இந்த விலை ஏணிக்கு எதற்காக இத்தனை படிகள் என்று கேட்டுப் பார்த்தால் விஷயத்தின் மர்மம் புலப்படும். கொஞ்சமாகச் செலவழிக்கிறவன் ஏழை, நிறையச் செலவழிக்கிறவன் வசதியுள்ளவன் என்ற அனுமானத்தின்மேல் கட்டப்பட்ட ஏணி இது. அந்த அனுமானத்துக்கு அடியில், எவரும் வாய்விட்டுச் சொல்லாத மற்றோர் அனுமானம் இருக்கிறது. ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்பதே அது. ஐந்து குடித்தனங்களை ஒரே மீட்டரின் பின்னே நிறுத்திவிட்டால், ஏணியின் கணக்குப்படி அங்கே ஐந்து ஏழைகள் இல்லை. ஒரு பெரிய பணக்காரன் இருக்கிறான்.

2019 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து தில்லி சர்க்கார் வழங்கத் தொடங்கிய மானியமும் இதே அனுமானத்தைச் சார்ந்ததுதான். மாதம் 200 யூனிட்டுக்கு மேற்படாதவர்களுக்குப் பில்லே இல்லை. 201லிருந்து 400 வரை உள்ளவர்களுக்குப் பாதித் தள்ளுபடி, ஆனால் 800 ரூபாய்க்கு மேற்படாமல். 2022 அக்டோபர் முதல் இது விண்ணப்பித்துக் கேட்பவர்களுக்கே என்று ஆயிற்று. ஒற்றை அறையில் ஒரு விசிறி, இரண்டு விளக்கு, கோடையில் ஒரு கூலர், அபூர்வமாகச் சிறிய குளிர்சாதனப் பெட்டி என்று வாழும் மனிதனுக்கென்றே வகுத்ததைப் போன்ற சலுகை இது. அதே மனிதனுக்குத்தான் இது எட்டுவதில்லை. அவனுடைய மீட்டர், கம்பெனியின் கண்ணில் மீட்டரே அல்ல.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாசகர் பொறுமையோடு உடன் வரவேண்டும், ஏனென்றால் இந்த வழக்கு முழுவதும் கணக்கிலேதான் இருக்கிறது. 6 கிலோவாட் அனுமதி பெற்ற ஒரே இணைப்பு. வீட்டுக்காரரும் நான்கு குடித்தனக்காரர்களும். கொள்முதல் சரிக்கட்டலை உதாரணத்துக்காக 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம், லூ என்னும் அனல் காற்று வீசும் காலம், குடித்தனக்காரர் ஒவ்வொருவரும் 200 யூனிட், வீட்டுக்காரர் குளிர்சாதனத்தோடு 400 யூனிட், ஆக 1200. ஏணியின் படிகளில் இதை ஏற்றினால் யூனிட் விலை 6900 ரூபாய். நிலையான கட்டணம் 600. சரிக்கட்டல் 1500. இரண்டு மேல்வரிகளும் சேர்ந்து 1125. வரி சுமார் 450. மொத்தம் 10,575 ரூபாய், அதாவது சராசரி யூனிட்டுக்கு எட்டு ரூபாய் எண்பத்தொரு பைசா.

பத்து ரூபாய்க்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லையே என்று வீட்டுக்காரரின் வக்கீல் இங்கே எழுந்து நிற்பார். அவருக்குரிய நியாயத்தை மறைக்காமல் கொடுத்துவிடுகிறேன். "அரசாங்க விலை மூன்று ரூபாய்தானே, பத்து ரூபாய் வாங்குவது கொள்ளை" என்று குடித்தனக்காரர்களிடையே வழங்கும் ஆத்திரப் பேச்சும் பிசகானதே. மூன்று ரூபாய் என்பது ஏணியின் கீழ்ப்படி மாத்திரம். அந்த விலைக்கு ஒரு கூட்டு வீட்டின் மொத்த மின்சாரமும் கிடைப்பதில்லை. ஜூன் மாதத்தில் நால்வரிடமும் 8000 ரூபாய் வசூலித்த பிறகும் வீட்டுக்காரர் தம் கையிலிருந்து 2575 ரூபாய் போடுகிறார். தனியே அவர் ஒருவர் மட்டும் அதே 400 யூனிட் செலவழித்திருந்தால், மானியம் போக ஏறக்குறைய 2160 ரூபாயோடு முடிந்திருக்கும். ஆகவே அந்த மாதத்தில் அவருக்குச் சுமார் 400 ரூபாய் நஷ்டம் என்பது உண்மை.

ஆனால் வருஷத்தில் ஜூன் மாதம் ஒன்றுதானா? ஹோலி கழிந்து, கீசர் நின்று, விசிறிகூடச் சரியாகச் சுழலாத மார்ச்சு மாதத்துக்கு வாருங்கள். குடித்தனக்காரர் தலைக்கு 70 யூனிட், வீட்டுக்காரர் 110, ஆக 390. இப்போது பில் 2897 ரூபாய். 400க்குள் அடங்கிவிட்டதால், மானியத்துக்கு விண்ணப்பித்திருக்கும் வீட்டுக்காரருக்கு 800 ரூபாய் தள்ளுபடி, கட்டவேண்டியது 2097. சராசரி ஐந்து ரூபாய் முப்பத்தெட்டு பைசா. நோட்டுப் புத்தகத்திலோ பத்து ரூபாய் அப்படியே நிற்கிறது. நால்வரின் 280 யூனிட்டுக்கு 2800 ரூபாய் வசூலாகிறது. முழு வீட்டின் பில்லும் அதில் அடைபட்டு, வீட்டுக்காரரின் விளக்கும் தொலைக்காட்சியும் இலவசமாக எரிந்து ஓடியதற்கு மேலும் 703 ரூபாய் அவர் சட்டைப் பைக்குள் போகிறது. அந்த 800 ரூபாய் மானியம் யாரை உத்தேசித்து வகுக்கப்பட்டது, யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்லாப் ஏறுகிறது என்பதுதான் பத்து ரூபாய்க்குக் காரணமென்றால், ஸ்லாப் இறங்கும்போது பத்தும் இறங்கவேண்டுமே! ஏறும்போது மாத்திரம் ஏணியாகவும் இறங்கும்போது சுவராகவும் நிற்கும் இந்த வாதத்தை எந்த நியாயஸ்தலம் ஏற்கும்? ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டமும் லாபமும் சரியாகிவிடும் என்று சமாதானம் சொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மயூர் விஹாரில் சொந்த வீடு, மாடியில் இரண்டு குடித்தனம். சரியாகிறதா இல்லையா என்று அவர் ஒருநாளாவது கூட்டிப் பார்த்தாரா என்று கேட்டேன். சிரித்தார்.

இதைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இன்னும் பாக்கியிருக்கிறது. ஜூன் மாதத்தில் வீட்டுக்காரருக்கு நேர்ந்த 400 ரூபாய் நஷ்டத்தை உண்டாக்கியவர் யார்? ஐந்து குடும்பங்களை ஒரே இணைப்பில் கட்டிப்போட்டவர் அவரே அல்லவா? அதே நால்வருக்கும் தனித்தனி மீட்டர் இருந்திருந்தால், 200 யூனிட்டோடு நின்ற அவர்கள் நால்வரும் மானியம் கேட்டிருக்கும் பட்சத்தில் ஒரு பைசாவும் கட்டியிருக்க மாட்டார்கள். மானியமே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 1 கிலோவாட் இணைப்பில் 200 யூனிட்டுக்கு எல்லா வரிகளும் சேர்ந்து 875 ரூபாய்க்கு மேல் வராது. அந்த இடத்தில் அவர்கள் கொடுத்தது தலைக்கு 2000 ரூபாய். வேடிக்கை என்னவென்றால், இந்த 2000மும் முழுவதாக வீட்டுக்காரரின் பைக்குப் போகவும் இல்லை. பெரும்பகுதி ஏணியின் மேல்படிகளிலும், மேல்படியின்மேல் ஏறும் சதவீதங்களிலும், எவரும் கேட்டு வாங்காததால் கஜானாவிலேயே தங்கிவிட்ட மானியத்திலும் கரைந்துவிடுகிறது. குடித்தனக்காரன் இழப்பது மிக அதிகம். வீட்டுக்காரர் அடைவது சொற்பம். இப்படிப்பட்ட ஓர் ஏற்பாட்டை இரு தரப்பாரும் நியாயம் என்று சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தனி மீட்டருக்கு வழியில்லையே என்பார்கள். வழி இருக்கிறது. 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, கட்டடத்தின் சொந்தக்காரர் கேட்டாலும் அதில் குடியிருப்பவர் கேட்டாலும் மின்சாரம் கொடுக்கவேண்டியது கம்பெனியின் கடமை என்று இருவரையும் ஒரே மூச்சில் சொல்லுகிறது. 2019 செப்டம்பரில் தில்லி சர்க்கார் குடித்தனக்காரர்களுக்கென்றே ஒரு திட்டத்தை அறிவித்தது. வாடகை ஒப்பந்தமோ ரசீதோ காட்டி, முன்பணம் கட்டி, வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் இல்லாமலே ப்ரீபெய்ட் மீட்டர் ஒன்றைத் தம் பேரில் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம்.

இவ்வளவு இருந்தும் மாடிப்படியின் கீழே சப் மீட்டர்களின் வரிசை குறையவில்லையென்றால் அதற்குக் காரணம் அந்த 'ஒப்பந்தமோ ரசீதோ' என்ற சொற்களுக்குள் இருக்கிறது. தில்லியில் வாடகைக் காகிதம் என்றால் பதினொரு மாதக் காகிதம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாகவேண்டும் என்ற விதியைத் தவிர்க்கும் பொருட்டு வந்த வழக்கம் அது. அதுகூட இல்லாமல் வெறும் வாய்வார்த்தையில் நடக்கும் குடித்தனங்கள் எத்தனையோ. காகிதம் இருந்தால் வருமான வரிக்காரன் கண்ணில் வாடகை படும் என்ற அச்சம் ஒன்று. குடித்தனக்காரன் பேரில் மீட்டர் வந்துவிட்டால் நாளைக்கு வீட்டையே தன்னுடையது என்பான் என்ற பீதி மற்றொன்று. இந்த இரண்டாவது பீதியை நான் ஏளனம் செய்யப் போவதில்லை, ஏனென்றால் வழக்கு மன்றங்களில் வருஷக்கணக்காக அலைந்த வீட்டுக்காரர்களை நானும் அறிவேன். ஆனாலும் மின்சார பில் ஒருவர் அங்கே குடியிருந்தார் என்பதற்குத்தான் சாட்சியாகும். சொத்துரிமையை அது எவருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை. குடியிருப்பதை மறைக்க விரும்பாதவருக்கு அந்தச் சாட்சியினால் என்ன பயம்?

"உடன்பட்டுத்தானே குடிவந்தான், பிடிக்காவிட்டால் வேறிடம் பார்க்கட்டும்" என்பது எதிர்க்கட்சியாரின் கடைசி அஸ்திரம். இரு தரப்பாரும் சமநிலையில் நின்று பேரம் பேசினால் இது செல்லும். ரயிலை விட்டு இறங்கிய மூன்றாம் நாள், பெட்டியும் படுக்கையுமாகத் தரகரின் பின்னே அலைகிற இருபத்திரண்டு வயதுப் பையனிடம் முதலில் சொல்லப்படுவது வாடகை. பாதுகாப்புப் பணமும் தரகுக் கூலியும் கைமாறிய பிறகு, சாவியைக் கொடுக்கும்போது போகிற போக்கில் சொல்லப்படுவதுதான் யூனிட் விலை. அதை உடன்பாடு என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கே அவமரியாதை. இப்படிப்பட்டவனுக்கு வாடகைச் சட்டத்தின் துணையும் இன்றைக்கு இல்லை. குடியிருப்பவனுக்கு மின்சாரம் முதலிய அத்தியாவசிய வசதிகளைத் தக்க காரணமின்றி நிறுத்தலாகாது என்று 1958ஆம் வருஷத்து தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அக்காலத்திலேயே விதித்திருந்தது. 1988இல் செய்த திருத்தத்தினால், மாதம் 3500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகைகள் அந்தச் சட்டத்தின் குடைக்கு வெளியே போய்விட்டன. இன்றைக்கு 3500 ரூபாய்க்குத் தில்லியில் ஜன்னலுள்ள அறை கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.

பிற தேசங்களில் இந்தச் சில்லறை வியாபாரத்தை இப்படி அவிழ்த்து விட்டுவிடவில்லை. பிரிட்டனில் 2003 ஜனவரி முதல், மின்சாரத்தைத் தாம் வாங்கிப் பிறருக்கு மறுவிற்பனை செய்கிறவர் தாம் கொடுத்த விலைக்குமேல் வாங்கக் கூடாது என்பது விதி. மாடி அறையை வாடகைக்கு விடுகிறவருக்கு மட்டுமல்ல, காரவன் என்னும் வண்டி வீடுகளை நிறுத்த இடம் கொடுக்கும் மைதானக்காரருக்கும் அதே விதி. அமெரிக்காவிலும், நடமாடும் வீடுகளின் பூங்காக்களில் ஒரே மீட்டரிலிருந்து பலருக்குப் பிரித்துக் கொடுக்கும் சொந்தக்காரர், கம்பெனி நேரடியாகக் கொடுத்திருந்தால் என்ன விலையோ அதற்குமேல் வாங்கக் கூடாது என்று கலிபோர்னியாவின் சட்டம் சொல்கிறது. நம் மின்சாரச் சட்டத்தின் 12ஆம் பிரிவும் உரிமமின்றி எவரும் மின்சாரத்தை விநியோகிக்கவோ வியாபாரம் செய்யவோ கூடாது என்று தடுக்கிறது. மாடிப்படி மீட்டர்க்காரர் அந்தத் தடைக்குள் வருவாரா மாட்டாரா என்பதை வக்கீல்கள் வாதாடட்டும். மின்சாரம் லாபத்துக்குக் கைமாறும் சரக்காக வீட்டுக்கு வீடு ஆகிவிடக்கூடாது என்பதே சட்டத்தின் கருத்து என்று புரிந்துகொள்ள வக்கீல் தேவையில்லை.

விலை போட்டு வாங்கினால்தான் சிக்கனம் வரும் என்ற வாதத்தையும் விட்டுவிடக் கூடாது. மெய்தான், வாடகையோடு மின்சாரம் இலவசம் என்றிருந்த காலத்தில் விளக்கை அணைக்காமல் ஆபீசுக்குப் போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் மேலே சொன்ன வீட்டில், ஜூன் மாதத்தில், ஒற்றை விசிறிக்காரன் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்க, இரண்டு மடங்கு செலவழிக்கும் வீட்டுக்காரர் கொடுப்பது ஆறு ரூபாய் நாற்பத்து நான்கு பைசா. சிக்கனத்தை அதிகமாகக் கற்கவேண்டியவருக்கே மின்சாரம் மலிவாகக் கிடைக்கிறது.

அளவாவது நிச்சயமா என்றால், அதுவும் இல்லை. கம்பெனியின் மீட்டருக்கு முத்திரை உண்டு, புகார் செய்தால் பரிசோதனை உண்டு. சப் மீட்டரைக் கடையில் வாங்கி மாட்டுகிறவர் தெருமுனை எலெக்ட்ரீஷியன். பல வருஷங்களுக்குமுன் கரோல் பாகில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடியின் ஒற்றை அறையில், நான் குடியிருந்தபோது, பத்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பியும் முப்பத்தைந்து யூனிட் ஓடியிருந்தது. அறைக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே வந்து பார்த்தேன். தட்டு நிதானமாகச் சுழன்றுகொண்டிருந்தது. கம்பியைப் பின்தொடர்ந்து போனதில், மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் மாடிப்படி விளக்கும் என் மீட்டரின் வழியாகவே ஜீவனம் செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. வீட்டுக்காரர் அதை அறிந்தே செய்தார் என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். யாரோ ஒரு மிஸ்திரி கைக்கு அகப்பட்ட கம்பியில் முடிந்துவிட்டுப் போயிருப்பான். ஆனால் மீட்டர் அன்றைக்குப் பொய் சொல்லவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். தன் வழியாக ஓடியதை அது உள்ளபடியேதான் சொல்லிற்று. ஓடியது என்னுடையதா என்பதை நாம்தான் கேட்கவில்லை.

இதைப் பரிசோதிப்பது கடினமல்ல. எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு மீட்டரின் விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். பிறகு வேறொன்றும் ஓடாத சமயத்தில், 1500 வாட் தண்ணீர் ராடை ஒரு வாளியில் போட்டு நாற்பது நிமிஷம் விடுங்கள். ஏறக்குறைய ஒரு யூனிட் ஓடவேண்டும். வோல்டேஜ் தாழ்ந்திருந்தால் கொஞ்சம் குறையலாம். ஒன்றரை ஓடினால் மிஸ்திரியைக் கூப்பிடவேண்டியதுதான்.

சென்னை வாசகர்கள் இதைத் தலைநகரத்துச் சங்கதி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2016 மே மாதம் முதல் இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்று தமிழ்நாட்டில் ஆயிற்றே, திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலும் வேளச்சேரி மாடிப் பகுதிகளிலும் சப் மீட்டருக்குப் பணம் கட்டுகிறவர்களில் எத்தனை பேர் அந்த நூறில் ஒன்றையாவது கண்டார்கள்?

மீட்டரை எடுத்தெறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. தனி இணைப்புக்கு இடமுள்ள வீட்டில் தனி இணைப்புக்குக் குறுக்கே நிற்காதீர்கள். இடமில்லாத வீட்டில், மானியம் போக வந்த பில் தொகையை மொத்த யூனிட்டால் வகுத்து, வருகிற ஈவையே விலையாக வையுங்கள்; அந்த மாதத்துக்கு அந்த மாதத்து ஈவு, ஜூனில் எட்டே முக்காலும் மார்ச்சில் ஐந்தே காலுக்குச் சற்று மேலுமாக. மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் ஆனதை ஐவரும் பங்கிட்டுக்கொள்ளட்டும். இதற்கு நான்காம் வகுப்புக் கணக்குப் போதும். துவாரகையிலும் மயூர் விஹாரிலும் சொந்தத்தில் வீடு கட்டி, ஊரிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கே மாடியை வாடகைக்கு விட்டிருக்கும் தமிழ் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. வருகிற முதல் தேதி மாடிப்படியின் கீழே வரும்போது, நோட்டுப் புத்தகத்தோடு பில்லையும் எடுத்து வாருங்கள்.